அரைக் கரண்டி

கோட்டையூர்ப் பலகாரக் கம்பெனியில்
எடை போடுவது என் வேலை.
மனகோலம் கால் கிலோ,
தேன்குழல் அரைக் கிலோ,
சீப்புச் சீடை இருநூறு கிராம்.
தராசின் சிவப்பு எண் நடுங்கி ஓயும்வரை பார்த்திருந்து
பையின் வாயைச் சூட்டில் வைத்து ஒட்டுவேன்.
ஒரு நாளைக்கு எண்ணூறு வாய்.
எல்லாம் பல் உள்ளவர்களுக்கு.

வீட்டில் இருப்பவளுக்கு எட்டு மாதம்.
ஐப்பசி முடியும்வரை எதைக் கொடுத்தாலும் தின்றாள்.
கேழ்வரகுக் கூழ், மசித்த பழம்,
நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறு.
தீர்ந்ததும் கிண்ணத்தைப் பறித்துத்
தலையில் கவிழ்த்துக்கொள்வாள்.
'டிப்போவுல டீசல் பிடிக்கிற மாதிரி இருக்கு,
இவளுக்கு நிறுத்தத் தெரியல' என்பார் சேவுகன்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை
இளவேனி வாயை மூடிக்கொண்டாள்.

கம்பெனி நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுத ஆரம்பித்தேன்.
திங்கள், நான்கு கரண்டி.
செவ்வாய், ஒன்றரை.
புதன், வாங்கியது மூன்று, துப்பியது மூன்று
(ஒன்று என் சேலையில்,
ஒன்று காலண்டர் முருகன்மேல்,
இன்னொன்று அகப்படவில்லை).
வியாழன், அரைக் கரண்டி.
அதுவும் அவள் கொட்டாவி விட்ட நேரத்தில்
நான் திருட்டுத்தனமாக வைத்தது.

சூடா? ஆறிவிட்டதா?
அரிசி மாற்றியதாலா?
என் கையில்தான் ஏதோ வாசனையா?
எண்ணெயும் சீரகமும் சோப்புக்குப் போவதில்லை.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் எடை பார்த்தாள்.
போன மாதத்துக்கு மேல் எழுபது கிராம்.
நாளெல்லாம் கிராமில் புழங்குகிறவள் நான்,
அந்த எழுபதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.
அவள் கையைக் கழுவி வந்து
குழந்தையின் ஈறில் ஒரு விரலை ஓட்டினாள்.
'பசி எங்கயும் போகலக்கா.
வாய்க்குத்தான் வலி.'

அப்புறம்தான் கவனித்தேன்,
சோற்றைத் தவிர எல்லாவற்றையும் தின்கிறாள்.
நாற்காலியின் விளிம்பு,
என் பஸ் டிக்கெட்,
கிரீஸ் போகாத அப்பாவின் கட்டைவிரல்,
எனது இடது செருப்பு வார் (ஓடிப்போய்ப் பிடுங்கினேன்).
பிரிட்ஜில் வைத்த ஈரத்துணியைக் கொடுத்தால்
கண்ணை மூடிக்கொண்டு சப்புகிறாள்,
கோயில் தீர்த்தம் வாங்கியவளைப் போல.
இரவில் பால், பால், மறுபடியும் பால்.
நான் தூங்கினேனா என்று எந்த நோட்டிலும் இல்லை.

ஷார்ஜாவிலிருந்து பூமிநாதன் பேசினான்.
'மேலயா கீழயா?'
மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம்.
நாற்பதாவது மாடியில் லிஃப்ட் கம்பியில் தொங்குகிற தொழில் அவனுக்கு.
அதற்குப் பயமில்லை, இதற்குப் பயம்.

உடைந்த மனகோலத்தை நாங்கள் தின்னலாம்.
சனிக்கிழமை ஒரு துண்டைக் கடித்தேன்.
மண்டைக்குள் நொறுங்கிய சத்தம்
மெஷின் சத்தத்தை மீறிக் கேட்டது.
இதே சத்தம் அவளிடமும் இருக்கிறது,
சதைக்கு அடியில், இன்னும் வெளியே விடாமல்.
நினைத்ததும் மாரில் பால் சுரந்து
ரவிக்கை நனைந்தது.
அடுத்த பையில் பத்து கிராம் கூடப் போய்விட்டது.
போகட்டும்.

ஞாயிறு காலை, கூழ்.
வாயைத் திறந்தாள், ஏனென்று தெரியாது.
எவர்சில்வர் கரண்டி உள்ளே போய்
டிக் என்றது.

மறுபடி வைத்தேன்.
டிக்.

சேவுகன் செல்போன் வெளிச்சம் காட்ட,
உதட்டை இழுத்துப் பார்த்தோம்.
நொய்யரிசி ஒன்று ஒட்டியதுபோல், கீழே.
'கீழதான்டா' என்றேன் போனில்.
அந்தப் பக்கம் மூச்சு விட்டது,
காற்றா, என் தம்பியா, சொல்ல முடியவில்லை.

பல் வந்துவிட்டதென்று தின்றுவிடவில்லை.
அன்றைக்கும் அரைக் கரண்டிதான்.
மீதியைக் கையால் அளைந்து
தரையில் பூசினாள்.

ராத்திரி மாரில் போட்டிருந்தேன்.
குடித்துக்கொண்டே இருந்தவள்
கடித்தாள்.
'ஆத்தாடி' என்று நான் அலற,
விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.
அப்படி ஒரு சிரிப்பு.
பிறகு, ஒன்றும் நடக்காததுபோல்
மறுபடி குடிக்கத் தொடங்கினாள்.

நோட்டை எடுத்து எழுதினேன்:
ஞாயிறு, காலை, கூழ் அரைக் கரண்டி.
இரவு, என்னில் கொஞ்சம்.